பொட்டலத்தில் போன முகம்

என் முதல் வெளிநாட்டுப் பயணம் நூறு கிராம் கடுகில் ஆரம்பித்தது. வெளிநாடு என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கேரளத்தில் கிளம்பி, தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, போகிற வழியெல்லாம் பையைப் பிரித்துக் காட்டி, 'எதற்கு வந்தாய், யாரைப் பார்க்க வந்தாய்' என்று எல்லாருக்கும் பதில் சொன்னவளுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு.

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில், அரிசி மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் மயிலாத்தா அக்காவின் அச்சகம் இருந்தது. காலால் மிதித்து ஓட்டும் மெஷின் ஒன்றே ஒன்று. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, சினிமா நோட்டீஸ் எல்லாம் அதில்தான். மாதத்தில் ஒரு நாள் மட்டும் எங்கள் கேலிப் பத்திரிகை 'மூக்குப்பொடி' அச்சாகும். ஒரே தாள். அக்கா எழுதுவார், எழுத்துக் கோப்பார், மிதிப்பார். பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு அலுத்திருந்த நான், பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து பஸ் ஏறி வந்து படம் செதுக்குவேன்.

நெருக்கடி நிலை வந்து எட்டோ ஒன்பதோ மாதம் ஆகியிருந்தது. பத்திரிகை என்று ஒன்று நடத்தினால் அச்சுக்கு முன்னால் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும். அக்கா யோசித்தார்.

"பத்திரிகைன்னு சொன்னாத்தான அம்முணி அனுப்போணும்? பொட்டலக் காயிதமுன்னு சொல்லிப்போடலாம்."

அப்படியே செய்தோம். பொள்ளாச்சியிலும் உடுமலைப்பேட்டையிலும் நாலு மளிகைக் கடைக்காரர்கள் எங்கள் தாளில் பொட்டலம் கட்டினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கடுகோ மிளகோ வாங்கி, பிரித்துப் படிப்பார்கள். தெரியாதவர்கள் கடுகைத் தாளித்துவிட்டுத் தாளை அடுப்பில் போடுவார்கள். எந்தப் பத்திரிகைக்கும் இந்த இரண்டு வகை வாசகர்கள்தான்.

அந்த மாதம் நான் செதுக்கியது ஒரு முகம். உப்பிய கன்னம், முறுக்கிய மீசை, அடர்ந்த சுருட்டை முடி, இரண்டு காதிலும் கடுக்கனுக்குப் பதிலாக ஒவ்வொரு திண்டுக்கல் பூட்டு. ஊர் வாய்க்கெல்லாம் பூட்டுப் போட்டவர் மிச்சமிருந்ததைத் தன் காதுக்கு மாட்டிக்கொண்டார் என்பது கருத்து. பெயர் போடவில்லை; போடத் தைரியமும் இல்லை. பார்த்தவர்கள் அவரவர் சௌகரியப்படி பெயர் வைத்துக்கொண்டார்கள். மில் கணக்கர் "அட, எங்க மொதலாளி" என்றார். சைக்கிள் கடைக்காரர் அது தன் மாமனார் என்று சத்தியம் செய்தார்.

செதுக்கப் பலகை வாங்க வழியில்லாமல் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். எங்கள் வீட்டுப் பூஜை அறையில் சந்தனக் கல்லுக்கு அடியில் ஸ்லேட்டு அகலத்தில் ஒரு பலாப் பலகை. அப்பா தினமும் அதன்மேல் கல்லை வைத்து முப்பது வருஷமாகச் சந்தனம் அரைக்கிறார். அதை எடுத்து, குடைக் கம்பியைத் தீட்டிச் செய்த உளியால் செதுக்கிவிட்டேன். "ஏண்டி விசாலம், சந்தனப் பலகையைக் கண்டியோ? நேத்திக்குக்கூட இங்கேதானே இருந்தது?" என்று அம்மா கேட்டபோது, நானும் கூடவே குனிந்து தேடினேன்.

தவறு ஒன்றும் நடந்திருக்காது, அக்கா பழக்க தோஷத்தில் ஒரு வரி கோக்காமல் இருந்திருந்தால். ஆயிரம் கல்யாணப் பத்திரிகை அடித்த கை. யாருக்கும் தெரியக்கூடாத தாளின் அடியிலும் அச்சகத்தின் பெயரையும் ஊரையும் அழகாகக் கோத்துவிட்டது.

பதினைந்து நாளில், உடுமலைக்கு மேலே கேரள மலையில் இருக்கும் காந்தலூரிலிருந்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. எழுதியவர் பெருமாள்சாமி, அங்கே காய்கறி விவசாயிகள் சங்கத் தலைவர். 'உங்கள் காகிதத்தில் என் முகத்தை அச்சடித்திருக்கிறீர்கள். என் வீட்டு அடுப்படியிலேயே அது ஒட்டப்பட்டிருக்கிறது. பத்து நாளைக்குள் அந்தக் கட்டையை நேரில் கொண்டுவந்து என் கண்ணெதிரே உடைக்க வேண்டும். தவறினால் தாளைப் போலீசில் ஒப்படைப்பேன்.'

அந்த முகத்தை எத்தனையோ பேர் பார்த்து எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறார்கள். தன் முகம் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அக்கா மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். போலீஸ் வந்தால் மெஷினுக்குச் சீல். அது ஓடினால்தான் அவர் வீட்டில் உலை.

"ஒடைச்சுப் போடலாம் அம்முணி. கட்டை போனா இன்னொரு கட்டை. மெசினு போனா நான் எங்க போறது?"

நான் செதுக்கியதிலேயே உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். ஆனால் மிதிப்பது அவர் கால். வீட்டில் பழனிக்குப் போவதாகச் சொன்னேன். அம்மா பஞ்சாமிர்தம் வாங்கிவரச் சொல்லி ஒரு டப்பாவையும் கொடுத்தாள்.

முதல் நாள் எல்லையில் எங்களை யாரும் சீண்டவில்லை. கேரளத்திலிருந்து வெளியே அரிசி கடத்தும் பைத்தியம் உலகத்தில் கிடையாது. பொள்ளாச்சியில் காப்பி. கல்பாத்தியில் டிகாக்‌ஷனின் நிறத்தை வைத்தே குடும்பத்தின் கௌரவத்தைக் கணிப்பார்கள். பொள்ளாச்சிக் காப்பியில் பால்தான் கௌரவம். உடுமலையில் மறையூர் பஸ் ஒரு மணிக்கு என்றார்கள். ஒரு மணிக்கு வந்ததும் டிரைவர் சாப்பிடப் போனார். அவர் வந்ததும் கண்டக்டர் போனார்.

பக்கத்து ஸீட்டில் ஒரு பெண், நிறைமாதம். அக்கா பதறிப்போய் ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தார். "எத்தனாவது மாசங்க கண்ணு?" என்று கேட்டதற்கு அவள் கொஞ்சம் யோசித்து, "போன வாரமும் இதே மாசந்தான்க்கா" என்றாள். எங்களுக்குப் புரியவில்லை.

காட்டுக்குள் ஒரு திருப்பத்தில் பஸ் நின்றது. நடுரோட்டில் யானை. இஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் பீடி பற்றவைத்தார். "அது போறப்ப போகும். நம்மகிட்டதான் டைம் டேபிள் இருக்கு, அதுகிட்ட இல்ல." யானை ஒரு மூங்கிலை முழுதாகத் தின்று, அடுத்ததை மோந்து பார்த்து, வேண்டாமென்று தீர்மானித்து, கடைசியில் நகர்ந்தது.

மலை ஏறும் இடத்துச் செக்போஸ்ட்டில் பெண்களை எல்லாம் இறக்கினார்கள். அப்போது அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோகாமலும் யாரும் இருக்கவில்லை. காவலர் மலையாளத்தில் அக்காவைக் கேட்டார்:

"அரிசி எங்கே?"

"இல்லீங்க."

"அரிசி இல்லாமல் பிறகெதற்கு மலை ஏறுகிறீர்கள்?"

அக்கா என்னைப் பார்க்க, காவலருக்குச் சந்தேகம் வலுத்தது. பையில் கையை விட்டார். பலகையை எடுத்துத் தட்டினார், உள்ளே பொந்து இருக்கிறதா என்று. திரும்பப் பைக்குள் போட்டார். அம்மாவின் டப்பாவைக் குலுக்கினார். அடுத்து எங்கள் கட்டுச்சோற்றுப் பொட்டலம். பிரித்தார். புளியோதரை.

"இது அரிசிதானே?"

"வெந்துபோச்சுங்களே," என்றார் அக்கா.

அவர் போய் உள்ளே ஒருவரிடம் கேட்டுவிட்டு வந்தார். வெந்த அரிசியைப் பற்றி உத்தரவு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. நிறைமாதப் பெண்ணை யாரும் தொடவில்லை. செக்போஸ்ட் தாண்டி ஒரு மைலில், ஓடும் பஸ்ஸிலேயே அவளுக்குப் பிரசவம் ஆயிற்று. ஆறு படி புழுங்கலரிசி. தாயும் சேயும் நலம்.

மறையூரிலிருந்து காந்தலூருக்கு ஜீப். வெளியே தொங்கியவர்களைச் சேர்த்துப் பதினாறு பேர், நடுவில் காலி முட்டைக்கோஸ் சாக்குகள். கடைசி ஏற்றத்தில் ஜீப் முனகி நின்றது. டிரைவர் இறங்காமலே அறிவித்தார்: "மொத கியரு போயிருச்சு. திரும்பி ஏத்துறேன்." ஜீப்பைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார். பள்ளத்தாக்கு எங்கள் காலடியிலிருந்து மெல்ல விலகிப் போய்க்கொண்டிருந்தது. "ஏனுங்க, இப்பிடியே ஊரு வந்துருமுங்களா?" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஊரு அங்கயேதாங்க்கா இருக்கு, நாமதான் போகணும்," என்றார் தொங்கியவர்களில் ஒருவர்.

காந்தலூர்க் குளிரில் பல் கிட்டியது. பாலக்காட்டில் மார்கழிக்கே போர்வையை மடித்து வைத்துவிடுகிறவள் நான். படிப்படியான வயல்களில் பூண்டு, பீன்ஸ், கேரட். தலைவர் வீட்டு வாசலில் தலைவரே நின்றார். நான் அசந்துபோனேன். உப்பிய கன்னம், முறுக்கிய மீசை, சுருட்டை முடி, காதில் கடுக்கன். பார்த்துச் செதுக்கியிருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது.

"கட்டை கொண்டாந்திருக்கீகளா? காலையில நாலு பேரு முன்னால ஒடைக்கணும். இப்பப் போய்ச் சாப்பிடுங்க," என்றார். எதிரியானாலும் பசியோடு நிற்கவைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அவர் மனைவி செல்லம்மா எங்களை அடுப்படிக்குக் கூட்டிப்போய் ராகிக் களியும் பூண்டுக் குழம்பும் போட்டார். முழுப் பூண்டு, வாயில் வைத்தால் வெண்ணெய். சுவரில் என் படம்! ஓரம் நனைந்து, மை இறங்கி, ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மேலே கூரையிலிருந்து, மத்தியானம் பெய்த மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக. அடியில் ஒரு குண்டான்.

"கடுகுப் பொட்டலத்தைப் பிரிச்சேன் தாயி. இவுக மொகம்! சிரிச்ச சிரிப்புல கடுகு தீஞ்சு போச்சு. சோத்துப் பசையப் போட்டு ஒட்டிட்டேன். மூணு வருசமா இந்தக் கூரை ஒழுகுது, சொல்லிச் சொல்லி வாய் நோவுது. பேரனுக்குப் பழனியில முடியெறக்கணும், வேண்டுதல் அப்படியே நிக்கிது, அதுவும் காதுல ஏறல. யாருத்தா அந்தப் பூட்டக் கண்டுபிடிச்சது?"

"நான்தாங்க," என்றேன்.

இன்னொரு உருண்டை களி என் தட்டில் விழுந்தது. "நாளைக்கு ஒடைக்க விட்டுறாதீக. இது நனைஞ்சு போச்சு, எனக்கு இன்னொண்ணு வேணும்."

இரண்டாம் நாள் காலை வாசலில் இருபது பேர் கூடியிருந்தார்கள். தலைவர் கோடரியோடு வந்தார். பலகையை ஒரு கட்டைமேல் வைத்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பின்னால் நிறுத்திவிட்டு, முன்னால் போனார்.

"ஏனுங்க தலைவரே, ஒடைங்க. நாங்க ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறனுங்க. இது மில்லு மொதலாளின்னாங்க, ஒருத்தரு மாமனாருன்னாரு. அவங்க யாரும் கோடாலியத் தூக்கலீங்க. நீங்க இப்ப இத்தன பேரு முன்னால ஒடைச்சா, இது உங்க மொகந்தான்னு நீங்களே நோட்டீஸ் அடிச்சமாதிரி ஆயிராதுங்களா?"

கோடரி பாதி வழியில் நின்றது. தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் பூண்டு வயலைப் பார்த்தது. அவர் கோடரியை இறக்கி அதன்மேல் சாய்ந்துகொண்டு, இதற்காகவே எடுத்து வந்தவர்போல நின்றார்.

"அப்ப அதை மாத்திக் குடுங்க. என்னைய மாதிரி இருக்கக்கூடாது. ஒரு தாடி வையிங்க."

"வைக்க முடியாது," என்றேன். மரத்தில் செதுக்குவதன் சங்கடம் இதுதான். எடுக்கலாம், சேர்க்க முடியாது. விட்டுவைத்த இடம்தான் கறுப்பாக விழும். ஒருமுறை செதுக்கி எறிந்த மரம் எறிந்ததுதான்.

"கண்ணாடி?"

"அதுவும் சேர்க்கறதுதான்."

"அப்ப எதைத்தான் செய்யலாம்?"

"மீசையை எடுக்கலாம்."

அவர் கை தானாக மீசைக்குப் போனது. "மீசை வேணாம். வேற."

"முடியை எடுக்கலாம்."

கூட்டத்தில் ஒரு கிழவர், "மொட்டைன்னா தலைவர் இல்ல, அது சரி," என்று ஒப்புக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து, குடைக்கம்பி உளியால் சுருட்டை முடி முழுவதையும் சிராய் சிராயாக எடுத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக இருபது பேர் பார்க்க வேலை செய்தேன். மொட்டைத் தலை பளபளவென்று வந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்பத் தலைவர் மாதிரி இல்லவே இல்ல," என்றான் ஒருவன்.

"அப்ப முன்னால இருந்துச்சா?" என்றார் தலைவர்.

மறுபடியும் எல்லாரும் பூண்டு வயலைப் பார்த்தார்கள். தலைவர் போலீசுக்கென்று தான் வாங்கி வைத்திருந்த இன்னொரு தாளை எங்கள் கண்ணெதிரே கிழித்தார். போலீஸ் பேச்சு முடிந்தது. அடுப்படிச் சுவரில் இருந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அன்று முழுவதும் அக்கா சின்னப் பெண்போலப் பேரிக்காய்த் தோட்டத்தில் திரிந்தார்.

மூன்றாம் நாள், அதே ஜீப், இந்தத் தடவை முன்பக்கமாகவே இறங்கியது. இறங்குவதற்கு முதல் கியர் வேண்டாமாம். மறையூரில் ஏறிய பஸ் செக்போஸ்ட்டில் நின்றபோது நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இறங்கினோம். அரிசிதான் இல்லையே! ஆனால் உள்ளே போகும்போது அரிசியைத் தேடுகிறவர்கள் வெளியே வரும்போது வேறொன்றைத் தேடுகிறார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. மறையூர் மலை முழுக்கச் சந்தன மரம்.

வனக் காவலர் என் பையைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார். பலகையை வெளியே எடுத்து மோந்தார். மறுபடி மோந்தார். முப்பது வருஷத்துச் சந்தனம்! நேற்றுப் புதிதாகச் செதுக்கிய இடத்திலிருந்து வேறு வாசனை குபுகுபுவென்று வந்தது.

"சந்தனம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"பலா மரங்க," என்றேன். "எங்கப்பா அது மேல சந்தனம் அரைப்பார்."

"எல்லாருடைய அப்பாவும் அரைப்பார்," என்றார் மலையாளத்தில். "இது என்ன, ஏதோ செதுக்கியிருக்கிறது?"

"அச்சுக்கட்டைங்க," என்றார் அக்கா.

"அப்படியா? அடித்துக் காட்டு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அச்சடிக்காவிட்டால் சந்தனத் திருட்டு. அச்சடித்தால், அரசாங்க அலுவலகத்தில், நெருக்கடி நிலையில், காதில் பூட்டுப் போட்ட முகம். அங்கிருந்து கொழிஞ்சாம்பாறை மெஷினுக்கு எத்தனை தூரம்?

அக்கா பெருமூச்சு விட்டார். செக்போஸ்ட் அறையின் மேஜையிலிருந்த ஸ்டாம்ப் பேடை எடுத்துப் பலகையில் ஒற்றினார். அவர்கள் கொடுத்த பழைய படிவத்தின் பின்பக்கத்தை அதன்மேல் வைத்தார். டம்ளரின் அடியால் தேய்த்தார். தாளை உரித்து எடுத்தபோது ஊதா நிறத்தில் முகம் எழுந்தது. மூன்று காவலர்கள் குனிந்தார்கள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அவர்களுடைய ஆபீசர் வந்தார். தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். உப்பிய கன்னம், முறுக்கிய மீசை. தலையில் ஒரு முடி கிடையாது.

காந்தலூரில் ஒருவரைக் காப்பாற்ற நான் எடுத்த முடியெல்லாம் இங்கே வந்து ஒருவரை மாட்டிவிட்டது.

ஆபீசர் தாளைப் பார்த்தார். காவலர்களைப் பார்த்தார். ஒருவன் கூரையை எண்ணிக்கொண்டிருந்தான். ஒருவன் திரும்பி இருமினான்.

"யார் இது?" என்றார்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு வெகு பணிவாகக் கேட்டார்: "யாருமில்லீங்க சார். சும்மா ஒரு மொகமுங்க. உங்களுக்கு யாராட்டந் தெரியுதுங்க?"

ஆபீசர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு முன்னால் இருந்த ஆபீசர் மாதிரி இருக்கிறது."

"ஆமாம் சார்! அவரேதான் சார்!" மூன்று காவலர்களும் ஒரே குரலில். அந்த அறையில் அவ்வளவு நிம்மதி அதற்கு முன் இருந்திருக்காது. மாற்றலாகிப் போன அந்த மனிதருக்குத் தலை நிறைய முடியென்று ஒரு காவலர் வெளியே வந்து எங்களிடம் சொன்னார்.

ஆபீசர் பலகையின் ஓரத்தைச் சுரண்டி, உள்ளே பலாவின் மஞ்சளைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனாலும் முத்திரை இல்லாமல் ஒரு மரமும் அந்த இடத்தைத் தாண்டக்கூடாதாம். முத்திரைச் சுத்தியலைக் கொண்டுவரச் சொல்லி, பலகையின் முதுகில் ஓர் அடி. அரசாங்க முத்திரை நன்றாகப் பதிந்தது. தாளை மட்டும் அவரே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பழைய ஆபீசருக்கு அனுப்பவோ என்னவோ.

பஸ்ஸில் அக்கா அந்த முத்திரையை விரலால் தடவிக்கொண்டே வந்தார். "தணிக்கைக்கு அனுப்பலையேன்னு பயந்துட்டிருந்தனே அம்முணி. இப்பப் பாரு, கவருமெண்டே குத்திக் குடுத்துருச்சு."

மறு மாதம் மூக்குப்பொடியில் மொட்டை முகம் வந்தது. தாளின் அடியில், முன்பு அச்சகத்தின் பெயர் இருந்த இடத்தில், பலகையைத் திருப்பிப் போட்டு அந்த முத்திரையை மட்டும் அச்சடித்தோம். பலகை அப்பா கண்ணில் ஒரு நாள் பட்டே விட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "எங்க ஆபீஸ் சூப்ரண்டாக்கும் இது! நீ எப்போடி அவரைக் கண்டே?" என்றவர், மறுநாளிலிருந்து சந்தனத்துக்கு வேறு பலகை தேடிக்கொண்டார். அம்மா மட்டும் விடவில்லை. பஞ்சாமிர்தம் எங்கே என்று வாரம் ஒரு தடவை கேட்டாள்.

வைகாசி கழிந்து அச்சகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பழனிப் பஞ்சாமிர்த டப்பா ஒன்றும் ஒரு கடிதமும். பெருமாள்சாமி எழுதியிருந்தார்: 'பேரனுக்கு முடி இறக்கினோம். முருகன் சந்நிதியில் மனம் கேட்காமல் நானும் இறக்கிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பினால், உங்கள் புதுத் தாளை என் பக்கத்தில் பிடித்துப் பார்க்காத ஆள் இல்லை. எடுத்த முடியைத் திரும்ப வைக்க வழி உண்டா? இல்லாவிட்டால், என் முடி வளரும்வரை அந்தப் பூட்டுகளையாவது எடுத்துவிடவும்.' போலீஸ் என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை.

அடியில் பென்சிலால் நாலு வரி, கோணல்மாணலாக:

'தாயி, பழனிக்குப் போகணும்னு சொன்னது அவுக காதுல விழுந்துருச்சு. அதுக்காக ஒரு பூட்ட எடுத்துரு. கூரை இன்னமும் ஒழுகுது. இன்னொண்ணு இருக்கட்டும். செல்லம்மா.'